கஸ்டம் ரோம் போட்ட போனில் பட்டன் மக்கர் செய்தால்: நான் பட்ட பாடு

கஸ்டம் ரோம் என்றால் போனோடு வந்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு நாமே போடும் வேறொரு ஆண்ட்ராய்ட். அதைப் போட்ட போனில் எது கெட்டாலும் பழி ரோம் மேல்தான் விழும். கடைக்காரர் அதைத்தான் சொல்வார். வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். ராத்திரி தனியாக உட்கார்ந்து யோசித்தால் நமக்கே அப்படித்தான் தோன்றும். என் போனில் வால்யூம் குறைக்கிற பட்டன் தானாக அமுங்க ஆரம்பித்தபோது, கோளாறு ரோமிலா பட்டனிலா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தர ஆளில்லை. அது தெரிவதற்குள் பணமும் போய், போனில் இருந்த கணக்கும் போய், கைக்கு வந்த வேலையும் நழுவிவிட்டது. பிரித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொருத்தர் இந்தப் பாடு படக்கூடாது என்றுதான் ஆரம்பத்தில் இருந்து எழுதுகிறேன்.

பெருமாநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் கொஞ்சம் இருக்கின்றன. திருப்பூர் கம்பெனிகளில் இருந்து கட்டிங் பண்டல் வரும், தைத்துக் கொடுப்போம். போன் பழையது, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தயாரித்த கம்பெனி அப்டேட் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால் பூட்லோடரின் (ஆன் ஆனதும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை எழுப்பும் புரோகிராம்) பூட்டைத் திறந்து லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமைப் போட்டேன். 2016 டிசம்பரில் சயனோஜன்மாட் என்ற பழைய கஸ்டம் ரோம் நின்றுபோனபோது அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் இது. பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டும் பாதுகாப்பு அப்டேட்டும் கிடைத்தன. ரொம்ப நாள் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எதற்கும் ரோம் காரணமில்லை.

கோளாறு முதலில் தெரிந்தது பாட்டில்தான். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தால் சத்தம் தானாகக் குறையும். சில நேரம் ஓடுகிற பாட்டு பாதியில் நின்று முந்தின பாட்டுக்குப் போய்விடும். லினியேஜில் திரை அணைந்திருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாட்டு மாற்றும் வசதி உண்டு. மேல் பட்டனுக்கு அடுத்த பாட்டு, கீழ்ப் பட்டனுக்கு முந்தின பாட்டு. அப்புறம் கேலரியைத் திறந்தால் நான் எடுக்காத ஸ்கிரீன்ஷாட்கள், எல்லாம் லாக் திரையின் படங்கள். பவரும் வால்யூம் டவுனும் ஒரே நேரத்தில் அமுங்கினால் ஸ்கிரீன்ஷாட் விழும் அல்லவா, நான் பவரை அமுக்கும் நேரமாகப் பார்த்து வால்யூம் டவுனும் தானாக அமுங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கீழ்ப் பட்டன்தான் என்று இப்போது பளிச்சென்று தெரிகிறது. அப்போது தோன்றியதெல்லாம், சமீபத்தில் போட்ட அப்டேட்டில் ஏதோ கோளாறு என்பதுதான். இந்த மாதிரி சின்னச் சின்ன அறிகுறிகள் வரும்போதே எந்த நேரத்தில் என்ன ஆகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு பின்னால் போவது, ஸ்கிரீன்ஷாட் விழுவது, அழைப்பு வந்ததும் ரிங் அடங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது வால்யூம் டவுன் தவிர வேறில்லை.

அந்த ரிங் அடங்கியதுதான் என்னைச் சாய்த்தது. போன் அடிக்கும்போது வால்யூம் பட்டனைத் தொட்டால் சத்தம் மட்டும் அடங்கும், அழைப்பு கட் ஆகாது. அந்தப் பக்கம் கூப்பிடுகிறவருக்கு ரிங் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்கு வழக்கமாக வேலை தரும் கம்பெனியில் அவசர ஆர்டர் ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை என்று பண்டல்களை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஏனுங்க, எத்தன தடவ கூப்புட்டனுங்க, எடுக்கவே இல்லீங்களே" என்று அந்த மேனேஜர் கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த வாரம் மிஷின்கள் பாதி நேரம் சும்மா கிடந்தன. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு வேலை இல்லையென்றால் சனிக்கிழமை கையில் என்ன இருக்கும்? அவர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. போன் கோளாறு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது இன்னும் கஷ்டம்.

அதற்குப் பிறகு ஒரு ராத்திரி போனை ரீஸ்டார்ட் செய்தேன். திரும்ப எழவில்லை. ஃபாஸ்ட்பூட் என்ற எழுத்தோடு, அதாவது கம்ப்யூட்டரின் கட்டளைக்குக் காத்திருக்கும் பூட்லோடர் திரையில், அப்படியே நின்றுவிட்டது. பயந்துபோய் மறுநாள் காலையில் திருப்பூரில் ஒரு மொபைல் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்ததுமே, "ஓஎஸ் போயிருச்சுங்ணா. கஸ்டம் ரோம் போட்டா இப்படித்தானுங்ணா ஆகும். ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டாச் சரியாயிரும்" என்றான். உள்ளே இருக்கும் போட்டோ எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாத்துக்கலாமுங்ணா" என்றான். 600 ரூபாய் வாங்கினார்கள். சாயங்காலம் போன் கைக்கு வந்தபோது கடையில் இருந்து புதிதாக வாங்கியது போல வெறுமையாக இருந்தது. பூட்லோடரையும் திரும்பப் பூட்டியிருந்தார்கள். சில கம்பெனி போன்களில் அதைத் திறக்க மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், என் போன் அந்த ரகம்.

போனது என்ன என்றால் டெலிவரி சலான் படங்கள். பீஸ் அனுப்பும்போதெல்லாம் சலானைப் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். இன்னொரு கம்பெனியோடு பீஸ் கணக்கில் வித்தியாசம் வந்தபோது காட்ட என்னிடம் எதுவும் இல்லை. 3,800 ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

ஃபாஸ்ட்பூட் திரை வந்தால் ஓஎஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல போன்களில், ஆன் ஆகும் நொடியில் வால்யூம் டவுன் அமுங்கியிருந்தால் பூட்லோடர் நேராக ஃபாஸ்ட்பூட்டில் நின்றுவிடும். அதைத் தாண்டி வந்த பிறகும் பட்டன் அமுங்கியே இருந்தால் ஆண்ட்ராய்ட் சேஃப் மோடில் எழும், நாம் போட்ட ஆப் எதுவும் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி ஃபாஸ்ட்பூட் கட்டளையில் ரீபூட் கொடுத்தால், பட்டன் இன்னும் அமுங்கியிருப்பதால் மறுபடி அங்கேயே வந்து நிற்கும். ரீபூட்டுக்குப் பதிலாக "கன்டினியூ" என்று கொடுங்கள். பூட்லோடர் பட்டனைத் திரும்பப் பார்க்காமல் விட்ட இடத்தில் இருந்து ஓஎஸ்ஸை எழுப்பும். எழுந்ததும் முதல் வேலையாகப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் என் சலான்கள் இருந்திருக்கும். யாராவது "சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாம்" என்றால், டேட்டா போகுமா, பூட்லோடர் பூட்டப்படுமா என்ற இரண்டுக்கும் நேரான பதில் வாங்காமல் போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

சரி, ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டாயிற்றே, பட்டன் சரியாயிற்றா? இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதே வால்யூம் பட்டை திரையில் எட்டிப் பார்த்து, கிடுகிடுவென்று அடிமட்டத்துக்குப் போனது. கடையில் போய்ச் சொன்னால், "அப்ப போர்டு கம்ப்ளைன்ட்டா இருக்குமுங்ணா" என்றார்கள். கோயம்புத்தூரில் பெரிய ஆட்கள் இருப்பார்கள் என்று காந்திபுரம் போனேன். அங்கே ஒரு கடையில் நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, போர்டில் ஐசி சிப் மாற்ற வேண்டும், 2,500 ரூபாய் ஆகும், அதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பார்த்ததற்கு மட்டும் 200 ரூபாய். இருட்டின பிறகு பஸ்ஸில் திரும்பி வரும்போது, இந்தப் பணத்தைப் போட்டுப் புதுப் போன் ஒன்று தவணையில் எடுத்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருத்தர் சாஃப்ட்வேர் என்கிறார், ஒருத்தர் போர்டு என்கிறார், யாரும் பட்டனைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தையல் மிஷினில் நூல் அறுந்தால் ஊசியைப் பார்ப்போம், நூல் வரும் வழியைப் பார்ப்போம், எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றமாட்டோம். பட்டனிலும் அதே மாதிரி அழுத்தம் எந்த இடம் வரை ஒழுங்காகப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச், அதிலிருந்து ஒயர் மாதிரி மெல்லிய ஸ்ட்ரிப் வழியாக போர்டு, அங்கே கெர்னல் (ஓஎஸ்ஸின் அடிமட்டப் பகுதி) அதை ஒரு எண்ணாக எடுத்துக்கொள்ளும். வால்யூம் டவுனுக்கு 114, வால்யூம் அப்புக்கு 115, பவருக்கு 116. கீலேஅவுட் என்ற ஃபைல் அந்த எண்ணுக்கு ஆண்ட்ராய்டில் என்ன வேலை என்று சொல்லும். கடைசியில் ரோமின் செட்டிங்ஸ், பட்டனுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலையைச் செய்யும். ரோமின் கை இந்தக் கடைசிப் பகுதிகளில்தான் ஓங்கியிருக்கிறது.

முதல் சோதனை ரிகவரி, அதாவது ஆண்ட்ராய்ட் எழாமலே தனியாக எழும் பராமரிப்பு மெனு. கம்ப்யூட்டரில் இருந்து ஏடிபி (கேபிள் வழியாகப் போனுக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராம், இதற்கு வேண்டிய யுஎஸ்பி டீபக்கிங் பற்றி அடுத்த சோதனையில் சொல்கிறேன்) மூலம் ரிகவரிக்கு ரீபூட் கொடுத்து, போனை மேஜை மேல் மல்லாக்க வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். ரிகவரி மெனுவில் வால்யூம் பட்டனால் மேலே கீழே போவோம். யாரும் தொடவில்லை, ஆனால் நிறம் மாறிய வரி ஒரு தட்டு கீழே இறங்கியது. கொஞ்சம் நின்றது. அப்புறம் தடதடவென்று இரண்டு மூன்று வரி இறங்கி, கடைசிக்குப் போய், திரும்ப மேலே இருந்து ஆரம்பித்தது. ஆண்ட்ராய்ட் இன்னும் எழவே இல்லை, அப்போதே பட்டன் தானாக அமுங்குகிறது! எந்த ரோம் போட்டாலும் இது போகாது என்பது அந்த நிமிடம் உறுதியானது. உடனே இன்னொரு போனில் அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வீடியோதான் பிறகு எனக்காகப் பேசியது.

இரண்டாவது சோதனை கெட்ஈவென்ட், அதாவது கெர்னலுக்கு வரும் பட்டன் அழுத்தங்களை வரி வரியாகக் காட்டும் கட்டளை. டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து (பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் வரும்) யுஎஸ்பி டீபக்கிங் ஆன் செய்து, ஏடிபி ஷெல்லில் கெட்ஈவென்ட் கட்டளையைச் சின்ன எல் என்ற ஆப்ஷனோடு (getevent -l) கொடுங்கள். ரூட் (போனின் முழு அதிகாரம்) தேவைப்படவில்லை. பட்டனை அமுக்கினால் கீ வால்யூம்டவுன், டவுன் என்று ஒரு வரியும், விட்டால் அப் என்று ஒரு வரியும் வர வேண்டும். என் போனில் விரல் படாமலேயே டவுன், அப், டவுன், அப் என்று மழை மாதிரி கொட்டியது. அமுக்கினால் ஒன்றுமே வராமல் போவதும் உண்டு, அப்போது அழுத்தம் ஸ்விட்சிலோ ஸ்ட்ரிப்பிலோ செத்துவிடுகிறது. வரி ஒழுங்காக வருகிறது, ஆனால் போன் ஒன்றும் செய்யவில்லை என்றால் மட்டும் கீலேஅவுட்டையும் ரோம் செட்டிங்ஸையும் சந்தேகப்படுங்கள். அதோடு வரியின் தொடக்கத்தில் ஈவென்ட் எண் இருக்கும், அதையும் கவனியுங்கள். குவால்காம் சிப் போட்ட பல போன்களில் வால்யூம் அப் தனி வழியாக வரும், பவரும் வால்யூம் டவுனும் பவரைக் கவனிக்கும் சிப் வழியாக ஒன்றாக வரும். என் போனிலும் அப்படித்தான் இருந்தது. பவர் பட்டன் அதே வழியில் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க போர்டில் ஐசி போய்விட்டது என்பதற்கு என்ன இடம்? 2,500 ரூபாயை அந்த ஒரு வரி காப்பாற்றியது.

இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பின்பக்கக் கவரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. இறுக்கமான கவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பதுதான். கழற்றினதும் சரியானால் செலவு அதோடு முடிந்தது.

அப்புறம் அவிநாசியில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். வயதான ஒருத்தர் மட்டும் இருந்தார். வீடியோவைக் காட்டி, "சாஃப்ட்வேரைத் தொட வேண்டாங்க, பட்டன் ஸ்ட்ரிப் மட்டும் பாருங்க" என்றேன். "நீங்களே கண்டுபுடிச்சுட்டு வந்துட்டீங்களே தம்பி, உக்காருங்க" என்று என் முன்னாலேயே திறந்தார். வெளியில் தெரியும் பிளாஸ்டிக் பட்டனை இடுக்கியால் எடுத்ததும் அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சுத் தூசி. ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவன் சட்டைப் பையில் இருக்கும் போன் அல்லவா, வியர்வையில் நனைந்து நனைந்து உள்ளே கெட்டிப்பட்டிருந்தது. ஸ்விட்சின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "பனியன் கம்பெனிக்காரங்க போனு நெறைய இப்படித்தான் வருதுங்க தம்பி" என்றார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், களிம்பு ஏறிவிட்டதால் மாற்றிவிடுவதே நல்லது என்றார். ஸ்ட்ரிப் 250, கூலி 150. ஆக 400 ரூபாயில் முடிந்தது.

களிம்பு ஏறாமல் வெறும் தூசி மட்டும் இருந்தால் வீட்டிலேயே முயற்சி செய்யலாம். போனை முழுக்க அணைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் தொட்டு, பட்டன் இடுக்கில் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்றுவிடும். கடையில் ஸ்ட்ரிப் மாற்றினால் பசை போட்டு மூடுவதற்கு முன்பே ஆன் செய்து, மூன்று பட்டனையும் அமுக்கிப் பார்த்து, ரிகவரிக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பூட்லோடரைத் திரும்பத் திறந்து லினியேஜைப் போட்டதும் இன்னொரு அதிர்ச்சி. திரைக்குக் கீழே தொட்டால் வேலை செய்யும் பேக், ஹோம் பட்டன்கள் செத்துக்கிடந்தன. கெட்ஈவென்ட்டில் பார்த்தால் ஒரு வரிகூட வரவில்லை. திறக்கும்போது டச் ஸ்ட்ரிப் அறுந்துவிட்டதோ, அந்தப் பெரியவரிடம் எப்படிப் போய்க் கேட்பது என்று அடிவயிறு கலங்கியது. ரிகவரிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தால் பேக் பட்டன் ஒழுங்காக முந்தின பக்கத்துக்குப் போகிறது. அப்பாடா என்று இருந்தது. லினியேஜ் செட்டிங்ஸில் பட்டன்கள் பகுதியில் திரைக்குள் நேவிகேஷன் பார் காட்டும் வசதி ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் கீழே உள்ள நிஜப் பட்டன்களை அணைத்துவிடும், பல போன்களில் டிரைவர் மட்டத்திலேயே அணைப்பதால் கெட்ஈவென்ட்டிலும் எதுவும் வராது. அன்று காலையில் நான் அதை ஆன் செய்திருந்தேன். ஆஃப் செய்ததும் உயிர் வந்துவிட்டது. அதனால் கெட்ஈவென்ட் காலியாக இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், அந்த செட்டிங்கையும் ரிகவரியையும் சேர்த்துப் பாருங்கள். அதே பகுதியில் வால்யூம் பட்டனால் திரையை எழுப்பும் வசதியும் இருக்கிறது. பட்டன் சந்தேகமாக இருக்கும் நாட்களில் அதை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பையிலேயே திரை எரிந்து சார்ஜ் போய்விடும்.

எனக்கு வந்தது வால்யூம் பட்டன். பவர் பட்டன் போனவர்களுக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பயம் இன்னும் அதிகம். சார்ஜர் மாட்டினால் திரை எழும், அப்போதே அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் அக்சஸிபிலிட்டி மெனுவை ஆன் செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட் 9 முதல் இது இருக்கிறது. லாக், பவர், வால்யூம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் திரையிலேயே கிடைக்கும். இரண்டு தட்டில் திரை எழும் வசதி உங்கள் போனுக்கு இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். யுஎஸ்பி டீபக்கிங்கை அப்போதே ஆன் செய்து உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்து வைத்தால், ஏடிபியில் இன்புட் கீஈவென்ட் 26 என்று கொடுத்து பவர் பட்டன் வேலையை வாங்கலாம். வால்யூம் கூட்ட 24, குறைக்க 25. இவை ஆண்ட்ராய்டின் எண்கள், மேலே சொன்ன 114, 116 எல்லாம் கெர்னலின் எண்கள், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். போன் முழுக்க அணைந்துவிட்டால், பல போன்களில் வால்யூம் டவுனை அமுக்கிக்கொண்டே கம்ப்யூட்டர் கேபிளை மாட்டினால் ஃபாஸ்ட்பூட்டுக்கு வரும். அங்கே பட்டனை விட்டுவிட்டு கன்டினியூ கொடுத்தால் எழுந்துவிடும். ஸ்ட்ரிப் கைக்கு வரும் வரை சார்ஜ் முழுக்க இறங்க விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.